பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படிப்பது: மொழி வகுப்பு என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பிரெஞ்சில் பட்டம் படிக்கப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு நாவல் படிக்கப் பிடிக்குமா? மொழிகள் பிடிக்கும், உச்சரிப்பு அழகாக இருக்கும், பாரிஸ் பார்க்கணும் என்றெல்லாம் பதில் வரும். எல்லாம் நல்ல காரணங்கள்தான். ஆனால் முதல் ஆண்டு முடிந்து இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது வகுப்பில் பாதிப் பேர் முழிப்பார்கள், ஏனென்றால் அதுவரை 'ஹோட்டலில் அறை எடுப்பது எப்படி' என்று போய்க்கொண்டிருந்த படிப்பு திடீரென்று 17-ஆம் நூற்றாண்டு நாடகத்தில் இருபது வரியைக் கையில் கொடுத்து 'இதை விளக்கு' என்று சொல்லும். நானும் அப்படி முழித்தவன்தான். அந்த இடத்தில் தடுக்கி விழாமல் இருக்க முதல் நாளிலிருந்து என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

சேர்வதற்கு முன்

துறையின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பாடத்திட்டத்தை இறக்கிப் படியுங்கள். 'பிரெஞ்சு' என்ற ஒரே பெயருக்குள் நாலைந்து வேறு படிப்புகள் ஒளிந்திருக்கின்றன. சில துறைகள் பெரும்பாலும் இலக்கியம், சில மொழியியல், சில மொழிபெயர்ப்பு, வணிக பிரெஞ்சு, சுற்றுலா என்று போகும், சிலவற்றில் பிரெஞ்சைப் பிறமொழியாகக் கற்பிக்கும் பயிற்சி பெரிய பங்கு வகிக்கும். பிரான்ஸிலேயே போய்ப் படிப்பதாக இருந்தால் கவனம் இன்னும் அதிகம் வேண்டும், ஏனென்றால் அங்கே 'நவீன இலக்கியம்' என்ற பெயரில் உள்ள லிசான்ஸ் பட்டம் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காக வடிவமைக்கப்பட்டது. வெளிநாட்டவருக்கான பிரெஞ்சு என்பது தனி வழி. லிசான்ஸ் 3 ஆண்டு, அதன்மேல் மாஸ்டர் 2 ஆண்டு.

அப்புறம் நிலை. ஐரோப்பிய மொழிச் சட்டகம் ஏ1-இல் தொடங்கி சி2-இல் முடிகிறது, ஆறு படிகள். பிரான்ஸில் பட்டப்படிப்பில் நுழைய பொதுவாக பி2 கேட்பார்கள். தெல்ஃப் சான்றிதழ் ஏ1 முதல் பி2 வரை, தால்ஃப் சி1, சி2. இரண்டுக்கும் காலாவதி கிடையாது. டிசிஎஃப் என்ற இன்னொரு தேர்வின் முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும், அதனால் விண்ணப்பத் தேதியைப் பார்த்து எழுதுங்கள். தெல்ஃபில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் ஏதாவது ஒன்றில் 5-க்குக் கீழே போனால் மற்ற மூன்றும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் போச்சு.

எழுத்தே தெரியாமல் சேர்க்கும் துறைகளும் உண்டு. அங்கே சேர்வதில் தப்பே இல்லை. ஆனால் மற்றவர்கள் நான்கு வருடம் படித்துவிட்டு வந்ததை நீங்கள் ஒன்றரை வருடத்தில் எட்டவேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

முதல் மூன்று மாதம்: காதும் வாயும்

உச்சரிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுகிறவர்கள் பிறகு பார்ப்பதே இல்லை. தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே யாரும் சொல்லித்தராத சில சலுகைகள் இருக்கின்றன. பிரெஞ்சின் மூக்கொலி உயிர்கள் எல்லோரையும் பயமுறுத்தும். நமக்கு அவை ஏற்கெனவே வரும். 'மரம்' என்று எழுதுகிறோம், ஆனால் சாதாரணமாகப் பேசும்போது கடைசி 'ம்'முக்கு உதடு மூடுவதில்லை, 'மரோ' என்பதுபோல மூக்கில் கரைந்து முடிகிறது. 'வந்தான்' என்பதிலும் நாக்கு மேலே ஒட்டாமல் ஆகாரம் மூக்கு வழியாகப் போய்விடுகிறது. 'அவன்' என்பதன் கடைசியும் அப்படித்தான். பிரெஞ்சில் 'நல்ல', 'பெஞ்சு', 'குளியல்' என்ற மூன்று சொற்களும் பகரத்தில் தொடங்கி மூக்கொலியில் முடிபவை. வேறுபாடு அந்த உயிர் ஒன்றில்தான். 'மரம்', 'வந்தான்', 'அவன்' மூன்றின் கடைசியையும் பேச்சு வழக்கில் சொல்லிப் பாருங்கள், மூன்றுக்கும் கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள்.

நமக்கு இல்லாத ஒலியும் உண்டு. 'ஈ' என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள். வருகிறதே, அதுதான் பிரெஞ்சின் 'யு'. 'மேலே', 'அடியில்' என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்களுக்கும் நடுவில் இருப்பது இந்த உயிரின் வேறுபாடு மட்டும்தான், மாற்றிச் சொன்னால் பெட்டி மேஜைமேல் இருக்கிறதா அடியில் இருக்கிறதா என்றே தெரியாது. அதேபோல 'மீன்' என்பதற்கும் 'விஷம்' என்பதற்கும் நடுவில் இருக்கும் ஸகரம் ஒன்றில் அதிராது, மற்றதில் தேனீபோல அதிரும். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் 'புவாஸோன்'தான். அதனால்தான் பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கும் பழக்கத்தை முதல் வாரமே விடச் சொல்கிறேன் (இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் நானே அதைச் செய்துகொண்டிருக்கிறேன், மன்னிக்கவும்). சர்வதேச ஒலிக்குறிகளைக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு வாரம் போதும்.

சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். அது புணர்ச்சி. 'அது இல்லை' என்பது 'அதில்லை' ஆகும்போது உகரம் கெடுகிறதல்லவா, பிரெஞ்சில் 'ழ' என்ற 'நான்' அடுத்து உயிர் வந்தால் தன் உயிரை இழந்து ஒட்டிக்கொள்வதும் அதே கதைதான். 'ஆ' என்ற வினைச்சொல்லுக்கும் 'ஈல்' என்ற 'அவன்' என்பதற்கும் நடுவே கேள்வியில் ஒரு தகரம் தானாக வந்து நிற்கும், 'ஆத்தீல்?' என்று. அதற்கு அர்த்தம் கிடையாது, அது ஓர் உடம்படுமெய், அவ்வளவுதான். ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படித்த பலர் இதை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்வதைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

பயிற்சி என்றால் நிழல்போலப் பேசுவதுதான். ஆர்எஃப்ஐ வானொலியின் 'எளிய பிரெஞ்சில் செய்தி' பத்து நிமிடம், எழுத்து வடிவத்தோடு கிடைக்கும். ஒரு நிமிடப் பகுதியை எடுத்து, ஒலிபரப்பாளர் பேசப் பேச அரை நொடி பின்னால் நீங்களும் சொல்லுங்கள். தினமும் அதே ஒரு நிமிடம், ஒரு வாரம்.

இலக்கணம்: எதற்கு உயிரைக் கொடுப்பது

பால்தான் முதல் தலைவலி. நமக்கு மனிதர் ஆண், பெண், மற்றதெல்லாம் அஃறிணை என்று நிம்மதி; பிரெஞ்சில் நாற்காலி பெண், புத்தகம் ஆண், அஃறிணையே கிடையாது. தர்க்கம் தேடாதீர்கள், முடிவைப் பாருங்கள். 'சியோன்' என்று முடியும் பெயர்கள் அநேகமாகப் பெண்பால். 'மான்' என்று முடிபவை ஆண்பால், பெண் குதிரையைக் குறிக்கும் சொல் போல ஒன்றிரண்டு தவிர. 'ஆழ்' என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால், ஆனால் பக்கம், கடற்கரை, படம் ஆகிய மூன்றும் அடம்பிடித்துப் பெண்பாலாகவே இருக்கும். சொல்லைத் தனியாக எழுதிவைக்காதீர்கள். ஒரு பெயரடையோடு சேர்த்து, 'ஒரு பெரிய மேஜை' என்று மூன்று சொல்லாக எழுதிவையுங்கள், பெயரடையின் வடிவமே பாலை ஞாபகப்படுத்தும்.

வினைச்சொல்லில் கவலைப்பட வேண்டியது இறந்தகாலம். ஓடிக்கொண்டிருந்ததையும் நடந்து முடிந்ததையும் பிரிக்கும் இரண்டு வடிவங்களை முதலில் பிடியுங்கள். மூன்றாவதாக 'பாஸே சேம்ப்ல்' என்று ஒன்று வரும், அதை யாரும் பேசுவதில்லை, கதையில் மட்டும் எழுதுவார்கள். மற்ற மொழிக்காரர்களுக்கு இது விசித்திரமாகப் படும். நாம் 'சென்றான்' என்று எழுதிவிட்டு 'போனான்' என்று பேசுகிற கூட்டம், நமக்கு என்ன விசித்திரம்? பேச்சுப் பிரெஞ்சும் எழுத்துப் பிரெஞ்சும் தூரம்தான்: எழுத்தில் மறுப்புக்கு இரண்டு சொல் வேண்டும், பேச்சில் முதலாவது விழுந்துவிடும், 'எனக்குத் தெரியாது' என்ற நாலு சொல் வாக்கியம் 'ஷேப்பா' என்று ஒரே மூச்சில் வரும். பாடப்புத்தகத்தை மட்டும் நம்பிப் போனால் முதல் உரையாடலில் எதுவும் புரியாது. மொழி தெரியவில்லை என்று அழாதீர்கள், வேறு வழக்கு, அவ்வளவே.

நீ, நீங்கள் என்ற பிரிவும் உண்டு, இது நமக்கு அல்வா மாதிரி. மாணவர்கள் தங்களுக்குள் முதல் நாளே 'நீ' என்று போய்விடுவார்கள், பேராசிரியருக்கு 'நீங்கள்'. மின்னஞ்சலில் 'ஹலோ' என்று தொடங்கி எழுதாதீர்கள். பிரெஞ்சுக் கடிதத்துக்கு நீளமான முடிவுரை மரபு இருக்கிறது, அதில் நாலைந்தை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாழ்நாள் முழுக்க உதவும்.

முதல் முழுப் புத்தகம்

முதல் செமஸ்டர் முடிவதற்குள் ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். எல்லோரும் 'குட்டி இளவரசன்' என்பார்கள். அழகான புத்தகம்தான், ஆனால் குழந்தைகள் புத்தகம் என்று நம்பித் திறந்தால் சீக்கிரமே அந்த 'பாஸே சேம்ப்ல்' வந்து நிற்கும். என் பரிந்துரை அன்னி எர்னோ. 2022-இல் நோபல் பெற்றவர். தன் தந்தையைப் பற்றி 1983-இல் எழுதிய சிறிய புத்தகத்தில் வாக்கியங்கள் சின்னவை, சொற்கள் சாதாரணமானவை, ஆனால் வர்க்கம், பள்ளி, வெட்கம், மொழி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பிரெஞ்சுச் சமூகம் என்று தனியாக ஒரு பாடம் நடத்துவார்களே, அதில் பாதி இந்த ஒரு புத்தகத்தில் கிடைத்துவிடும்.

படிக்கும் முறை: முதல் பத்துப் பக்கம் அகராதி இல்லாமல். புரியாவிட்டாலும் போய்க்கொண்டே இருங்கள். மூன்று முறை எதிர்ப்பட்ட சொல்லுக்கு மட்டும் அர்த்தம் பாருங்கள். அப்புறம் திரும்பி வந்து அதே பத்துப் பக்கத்தைப் படித்தால், நடுவில் யாரோ விளக்குப் போட்டதுபோல இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலில் அர்த்தம் எழுதுகிறவர்களின் புத்தகத்தைப் பார்த்திருக்கிறேன்: முதல் ஏழு பக்கம் கறுப்பாக இருக்கும், எட்டாம் பக்கத்திலிருந்து வெள்ளை. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

இதயம் இங்கேதான்: ஒரு பத்தியை விளக்குவது

பிரெஞ்சு இலக்கியக் கல்வி முழுக்க ஒரு பயிற்சியின் மேல் நிற்கிறது: 'எக்ஸ்ப்ளிகாசியோன் த தெக்ஸ்த்', அதாவது ஒரு சின்னப் பகுதியை வரிவரியாக விளக்குவது. இதன் அண்ணன்தான் 'கொமாந்தேர் கொம்போஸே', அதில் வரிவரியாகப் போகாமல் இரண்டு மூன்று கோணங்களாகப் பிரித்து எழுதவேண்டும். நமக்குப் பழக்கமான உரை மரபை நினைத்துக்கொள்ளாதீர்கள். பதவுரை, பொழிப்புரை எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே சொல் எழுதித் திருப்பித் தருவார்: 'பாராஃப்ராஸ்'. ஏற்கெனவே சொன்னதையே வேறு சொல்லில் சொல்லியிருக்கிறாய் என்று பொருள். என் முதல் மூன்று தாள்களிலும் அந்தச் சொல் இருந்தது, மூன்றாவதில் அடிக்கோடும் சேர்ந்து வந்தது.

கேள்வி 'என்ன சொல்கிறார்' என்பதில்லை, 'எப்படிச் சொல்கிறார், அப்படிச் சொன்னதால் என்ன நடக்கிறது' என்பது. ஓர் உதாரணத்தோடு போவோம். காம்யுவின் 1942 நாவலின் தொடக்கம் பலருக்கும் தெரியும், தமிழில் வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் 'அந்நியன்'. கதைசொல்லி அம்மா இன்று இறந்துவிட்டாள் என்கிறான், உடனே ஒருவேளை நேற்றோ என்கிறான். மகனுக்கு அம்மா மேல் பாசமில்லை, இவன் உணர்ச்சியற்றவன் என்று எழுதினால் அது பொழிப்புரை. இப்போது சொற்களைப் பாருங்கள். அவன் பயன்படுத்துவது 'மமான்', குழந்தை கூப்பிடும் 'அம்மா'. அடுத்து, அம்மா இருந்த முதியோர் இல்லத்திலிருந்து வரும் தந்தியில் இருப்பது 'மேர்', 'தாயார்' என்று சொல்வோமே அந்த விறைப்பு. ஆக, உணர்ச்சியற்றவன் என்று எல்லோரும் சொல்கிற ஆள் குழந்தைச் சொல்லைச் சொல்கிறான்; மரியாதையான இரங்கல் சொல்லும் நிறுவனம்தான் ஈரமில்லாமல் பேசுகிறது. நாவலின் பிற்பகுதியில் நீதிமன்றம் அவனை அம்மாவின் சாவுக்கு அழாததற்காகவே குற்றவாளி ஆக்குகிறது என்று தெரிந்தவர்களுக்கு, அந்தப் பகுதி முழுக்க இந்த இரண்டு சொல்லுக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருப்பது தெரியும். அப்புறம் காலம்: நாவலுக்குரிய 'பாஸே சேம்ப்ல்' எங்கே? இல்லை. பேச்சில் வரும் இறந்தகாலத்தையே வைத்து எழுதியிருக்கிறார். வாக்கியங்களுக்கு நடுவே 'ஆகவே', 'ஏனென்றால்' மிகக் குறைவு. தத்துவவாதி சார்த்ர் 1943-இல் இந்த நாவலைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதன் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தீவு என்றார். அந்தக் கட்டுரையின் தலைப்பிலும் 'எக்ஸ்ப்ளிகாசியோன்' என்ற சொல்தான் இருக்கிறது என்பது தற்செயலில்லை.

நாலு வரியிலிருந்து இவ்வளவு வந்தது பார்த்தீர்களா, அத்தனையும் இலக்கணம் தெரிந்ததால் வந்தது. காலங்களை அட்டவணையாக மனப்பாடம் செய்தபோது எதற்கு இது என்று தோன்றியிருக்கும், இதற்குத்தான்.

தேர்வில் செய்யும் வரிசை இது. பகுதியை வாய்க்குள் முணுமுணுத்து ஒருமுறை படியுங்கள், கவிதையானால் அசைகளை எண்ணுங்கள் (மரபான பிரெஞ்சு அடிக்கு 12 அசை, நடுவில் 6-க்குப் பின் ஒரு நிறுத்தம்; வரி நடுவே வேறெங்காவது உடைந்தால் அங்கே ஏதோ நடக்கிறது). பகுதி எங்கே திரும்புகிறது என்று பார்த்து இரண்டு மூன்று அசைவுகளாகப் பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு கவனிப்பையும் மூன்று துண்டாக எழுதுங்கள்: இந்தச் சொல், இந்த உத்தி, இந்த விளைவு. மூன்றில் ஒன்று விட்டாலும் நிற்காது. உருவகம், ஆகுபெயர், முரண்தொடை என்று அணிகளை அடையாளம் காட்டிவிட்டு விளைவைச் சொல்லாமல் போவது அடுத்த பெரிய தப்பு. பூச்சி பிடித்துக் குத்திவைப்பதுபோல அணிகளின் பட்டியல் மட்டும் மிஞ்சும்.

திஸெர்த்தாசியோன்

பெயரைப் பார்த்து ஆய்வேடு என்று நினைக்காதீர்கள், ஆய்வேட்டுக்கு 'மெமுவார்' என்று வேறு சொல் இருக்கிறது. இது தேர்வறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுதும் கட்டுரை. ஒரு விமர்சகரின் கூற்றைக் கொடுத்து விவாதிக்கச் சொல்வார்கள். முதல் ஒரு மணி நேரம் கட்டுரையை எழுதவே கூடாது; கேள்வியிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் உடைத்துப் பார்க்கவேண்டும். முன்னுரையில் ஒரு தொடக்கம், கூற்று, அதன் சொற்களுக்கு விளக்கம், 'ப்ராப்ளெமாதிக்' என்கிற மையக் கேள்வி, கடைசியில் நீங்கள் போகப்போகும் வழி. நடுப்பகுதி மரபாக மூன்று பாகம்: கூற்று எங்கே சரி, எங்கே தடுமாறுகிறது, அப்படியானால் கேள்வியையே எப்படி மாற்றிக் கேட்கலாம். மூன்றாம் பாகம் 'இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் சரி' என்ற சமரசமாகிவிட்டால் கட்டுரை செத்துவிடும். உண்மையாகச் சொன்னால் இந்த மூன்று பாக வடிவம் எனக்கு எப்போதும் சட்டை இறுக்கமாக இருப்பதுபோலத்தான் இருந்தது, ஆனால் அதைச் சரியாகப் போட்டுக் காட்டாதவனுக்கு அதை அவிழ்க்க அனுமதி கிடையாது.

இன்னொன்று: பிரெஞ்சு ஆசிரியர்களுக்கு ஒரே சொல் மூன்று வரியில் இரண்டு முறை வந்தால் பிடிக்காது. 'ஆசிரியர்', 'நாவலாசிரியர்', 'கவிஞர்', 'அவர்' என்று மாற்றிக்கொண்டே போகவேண்டும். 'நான்' போடாதீர்கள், 'நாம்' போடுங்கள். மதிப்பெண் பிரான்ஸில் 20-க்கு. 10 தேர்ச்சி, 12 பரவாயில்லை, 14 நன்று, 16 மிக நன்று. இலக்கியத்தில் 14 வாங்கினால் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லலாம். 13 வந்ததற்கு ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்த சக மாணவியை எனக்குத் தெரியும், வகுப்பிலேயே அதுதான் அதிகம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பு

இரண்டு திசை: பிரெஞ்சிலிருந்து உங்கள் மொழிக்கு வருவது 'வெர்சியோன்', உங்கள் மொழியிலிருந்து பிரெஞ்சுக்குப் போவது 'தெம்'. இரண்டாவதுதான் வலிக்கும், அதுதான் இலக்கணத்தையும் உறுதியாக்கும். கணினி மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவதாக இருந்தால் நீங்கள் முடித்த பிறகு பயன்படுத்தி, எங்கே வேறுபடுகிறது என்று பாருங்கள். முன்னால் பயன்படுத்தினால் நீங்கள் திருத்துபவர் மட்டும்தான், கற்பவர் இல்லை. ஆங்கிலம் தெரிந்தவர்கள் போலி நண்பர்களிடம் ஜாக்கிரதை: ஆங்கிலத்தில் 'லைப்ரரி' என்பதுபோலவே இருக்கும் சொல் பிரெஞ்சில் புத்தகக் கடை, 'ஆக்சுவலி' போல இருப்பது 'தற்போது'.

இலக்கிய வரலாற்றை எப்படித் தலையில் வைப்பது

பத்து நூற்றாண்டை வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள். முடிச்சுகளைப் பிடியுங்கள். ஒரு ஆண்டை எடுத்து அதிலிருந்து எல்லாப் பக்கமும் இழுத்துப் பார்ப்பது என் வழி. 1857 எடுப்போம். அந்த ஒரே ஆண்டில் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி'மேல் ஒழுக்கக்கேடு என்று வழக்கு, போத்லேரின் 'தீமையின் மலர்கள்'மேலும் அதே குற்றச்சாட்டு, இரண்டிலும் அரசு வழக்கறிஞர் ஒரே ஆள், பினார். ஃப்ளோபேர் தப்பித்தார். போத்லேருக்கு அபராதம், ஆறு கவிதைகளுக்குத் தடை. அந்தத் தீர்ப்பு ரத்தானது 1949-இல். ஏன் நாவல் தப்பித்தது, கவிதை மாட்டியது என்று கேளுங்கள். அப்போது ஆண்ட மூன்றாம் நெப்போலியனின் இரண்டாம் பேரரசின் தணிக்கை, பத்திரிகையில் தொடராக வரும் நாவல், கதைசொல்லியின் குரலும் பாத்திரத்தின் எண்ணமும் கலந்து யார் பேசுவது என்றே தெரியாமல் போகும் ஃப்ளோபேரின் நடை, அதை வாசிக்கத் தெரியாமல் தடுமாறிய அரசுத் தரப்பு, கவிஞனும் 'நான்' என்று சொல்பவனும் ஒருவரா என்ற கேள்வி, எல்லாம் வந்துவிடும். ஒரு செமஸ்டர் பாடம் ஒரு வழக்கில் இருக்கிறது.

இதேபோல இன்னும் சில முடிச்சுகள். 1539: சட்ட ஆவணங்களில் லத்தீன் போய்ப் பிரெஞ்சு வரவேண்டும் என்ற அரசாணை. 1635: மன்னரின் தலைமை அமைச்சர் ரிஷ்லியூ நிறுவிய பிரெஞ்சு அகாதெமி, நாற்பது இருக்கைகள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்த நாட்டில் மொழி எப்போதுமே அரசின் விஷயம் என்று புரியும். 1751-இல் தொடங்கிய திதரோவின் கலைக்களஞ்சியம். 1898 ஜனவரி 13: செய்யாத தேசத்துரோகத்துக்குத் தண்டிக்கப்பட்ட யூத ராணுவ அதிகாரி ட்ரைஃபஸின் வழக்கில் நாவலாசிரியர் ஸோலா நாளிதழில் வெளியிட்ட பகிரங்கக் கடிதம். எழுத்தாளன் பொதுப் பிரச்சினையில் பேசினால் அங்கே ஏன் இன்றும் காது கொடுக்கிறார்கள் என்பதன் வேர் அங்கே.

பிரெஞ்சு என்றால் பிரான்ஸ் மட்டும் என்ற எண்ணம் இருந்தால் அதையும் முதல் ஆண்டிலேயே உடைத்துவிடுங்கள். கரீபியத் தீவான மார்த்தினிக்கின் எமே செஸேரும் செனகலின் செங்கோரும் 1930-களில் பாரிஸில் மாணவர்களாகச் சந்தித்ததிலிருந்து ஒரு கவிதை இயக்கமே பிறந்தது. செங்கோர் பின்னாளில் தன் நாட்டின் குடியரசுத் தலைவரானார், 1983-இல் அந்த அகாதெமியிலேயே இடம்பெற்றார். அல்ஜீரியாவின் கதேப் யசீன் பிரெஞ்சைப் 'போரில் கிடைத்த கொள்ளைப்பொருள்' என்றார், பிறகு நாடகத்துக்காக மக்கள் பேசும் அரபுக்குத் திரும்பினார். செனகலின் மரியாமா பா, அல்ஜீரியாவின் அசியா ஜெபார், மொரீஷியஸின் ஆனந்தா தேவி என்று போய்க்கொண்டே இருக்கலாம். நாட்டை ஆண்ட அந்நியனின் மொழியில் எழுதுவது என்ற கேள்வியை நமக்கு யாரும் அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டியதில்லை. ஆய்வுத் தலைப்பு தேடுகிறவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள், பிரூஸ்ட்மேல் எழுதப்பட்டது ஏற்கெனவே அலமாரி கொள்ளாது.

பண்பாடு என்ற பாடம்

இது எளிது என்று எல்லோரும் விட்டுவிடும் தாள். பாலாடைக்கட்டிகளின் பெயரில்லை இது. 1905 சட்டப்படி அரசும் மதமும் பிரிக்கப்பட்டதிலிருந்து பள்ளியில் எதை அணியலாம் என்று இன்றுவரை நடக்கும் சண்டை, 1954 முதல் 1962 வரையான அல்ஜீரியப் போரைப் பற்றிய நீண்ட மௌனம், 1968 மே மாதத்து மாணவர், தொழிலாளர் கிளர்ச்சி, 1958-இல் பிறந்த ஐந்தாம் குடியரசில் ஜனாதிபதிக்கு ஏன் இவ்வளவு அதிகாரம், இவைதான் பாடம். வாரம் ஒரு செய்தியை எடுத்து, அரசியல் சாய்வு வேறான இரண்டு நாளிதழ்களில் தலைப்பை மட்டும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுங்கள். சினிமாவும் பாருங்கள், ஆனால் உங்கள் மொழி வசனவரி இல்லாமல், பிரெஞ்சு வசனவரியோடு.

கருவிகள்

'த்ரெஸோர்' என்ற பெரிய பிரெஞ்சு அகராதி இணையத்தில் இலவசம், ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கிய மேற்கோளோடு. தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் பழைய புத்தகங்களும் நாளிதழ்களும் பக்கம் பக்கமாகக் கிடைக்கும், ஸோலாவின் கடிதம் வந்த நாளிதழையே அப்படியே பார்க்கலாம். ஆய்வுக் கட்டுரைக்கு பெர்ஸே, ஓப்பன்எடிஷன் தளங்கள். வினைச்சொல் வடிவங்களுக்கு பெஷெரெல் கையேடு. இரண்டாம் ஆண்டிலிருந்து இருமொழி அகராதியை மூடிவிட்டு பிரெஞ்சு-பிரெஞ்சு அகராதிக்கு மாறுங்கள், இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும்.

வெளிநாட்டு செமஸ்டர்

கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் போய் உங்கள் மொழிக்காரர்களோடு ஒரே வீட்டில் தங்கி ஒரே பஸ்ஸில் வந்துபோனால் போகாதது மாதிரிதான். வகுப்பில் நண்பர்கள் கிடைப்பது அங்கே கடினம், பெரிய விரிவுரை அரங்கில் எல்லோரும் எழுதிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். சங்கங்களில் சேருங்கள்: நாடகக் குழு, பாட்டுக் குழு, மலையேற்றம், எதுவானாலும். 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் எளிதாகச் சங்கம் தொடங்கலாம் என்பதால் பல்கலைக்கழக ஊர்களில் இவை ஏராளம். எனக்குப் பேச்சுப் பிரெஞ்சு வந்தது எந்த வகுப்பிலும் இல்லை, ஒரு சேர்ந்திசைக் குழுவில் நடுக்குரல்காரர்களுக்குப் பின்னால் நின்று அவர்கள் வம்பு பேசியதைக் கேட்டுத்தான்.

வேலை பற்றிச் சுருக்கமாக: கற்பித்தல், மொழிபெயர்ப்பு, வசனவரி, பதிப்பகம், சர்வதேச அமைப்புகள் (ஐ.நா. செயலகத்தின் இரண்டு பணிமொழிகளில் பிரெஞ்சு ஒன்று). மொழி மட்டும் கையில் வைத்துக்கொண்டு போவதைவிட அதோடு சட்டம், கணக்கு, கணினி என்று ஏதாவது ஒன்று சேர்ந்திருந்தால் கதவு சீக்கிரம் திறக்கும்.

கடைசி ஆண்டின் ஆய்வேடு

தலைப்பைச் சின்னதாக எடுங்கள். 'போத்லேரில் பெண்கள்' என்று போனால் மூன்று மாதம் கழித்தும் முன்னுரையிலேயே இருப்பீர்கள். 'போத்லேரின் ஐந்து உரைநடைக் கவிதைகளில் ஜன்னல்' என்றால் வேலை நடக்கும், ஏனென்றால் எங்கே பார்க்கவேண்டும் என்று தெரியும். முதலில் அந்த ஐந்தையும் கையால் நகலெடுங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓர் எக்ஸ்ப்ளிகாசியோனாக எழுதுங்கள், அதற்குப் பிறகுதான் விமர்சகர்களைத் திறக்கவேண்டும். முன்னால் திறந்தால் அவர்கள் பார்த்ததை மட்டும் நீங்களும் பார்ப்பீர்கள். ஐந்து விளக்கமும் சேர்ந்து இருபது பக்கம் வந்ததும் வழிகாட்டியைப் போய்ப் பாருங்கள். கேள்வியை அவரிடம் ஒரே வாக்கியத்தில், பிரெஞ்சில், தாளைப் பார்க்காமல் சொல்ல வரவில்லை என்றால் சந்திப்பை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.